கரண்டியின் பின்பக்கம்

பதினொரு கரண்டி.
பன்னிரண்டாவதை வாவி கொண்டுபோயிற்று
என்றா யூனிஸ் செலார்.
எந்த வெள்ளத்தில் என்று நான் கேட்கவில்லை.

பகல் இரண்டரை. மெயின் வீதி காய்ந்துகிடந்தது.
எதிர்க்கடையில் யாரோ மிளகாய் வறுத்து
எங்கள் இரண்டு பேரையும் தும்ம வைத்தார்கள்.
தலையணை உறைக்குள்ளிருந்து கண்ணாடி மேசையில்
கலகலவென்று கொட்டினா.

முன்பக்கம் எல்லாரும் பார்ப்பது:
பூ, கொடி, பிடி நுனியில் சுருண்ட ஓர் எழுத்து,
எச் என்றும் வாசிக்கலாம், கே என்றும்.
எனக்கு வேண்டியது பின்பக்கம்.
கவிழ்த்தேன்.
லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
உலகம் ஒரு மிளகளவு ஆயிற்று.

"வருசம் அடிச்சிருக்குதானே?
ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தேழு.
தம்பி மெல்பனிலயிருந்து சொல்றான்,
ஒண்டே ஒரு லட்சம் போகுமாம்.
பாதி அவனுக்கு."

அடித்துத்தான் இருந்தது,
நாலு இலக்கமும் பல் வைத்தாற்போல.
பக்கத்தில் ரோஜர்ஸ் பிரதர்ஸ்.

இங்கிலாந்து வெள்ளி என்றால் லேசு,
ஆண்டுக்கு ஓர் எழுத்து வைப்பார்கள்.
அமெரிக்காவில் அந்த ஒழுங்கு கிடையாது.
செய்தவன் சொல்வதைத்தான் நம்பவேண்டும்.
சிங்கமும் நங்கூரமும் கண்டால் இன்ன பட்டறை.
'கொயின்' என்றிருந்தால் பழசு,
காசின் தரத்து வெள்ளி.
'ஸ்டெர்லிங்' என்றால் அநேகமாய்
அவர்களுடைய உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு.
காப்புரிமைத் திகதி இருந்தால்
அதற்கு முன்னால் பிறக்கவில்லை என்று மட்டும் தெரியும்,
பிறந்தது எப்போது என்று தெரியாது.

இதில் சிங்கமில்லை. கொயினில்லை. ஸ்டெர்லிங்கில்லை.
நாற்பத்தேழு
ஒரு கம்பனி தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட எண்.
நூறு வருசம் கழித்துச் செய்த கரண்டிக்கும்
அதே எண்ணைத்தான் அடித்தார்கள்.
மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே வேறு.

எப்படிச் சொல்வது?
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றும்வரை
துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"எப்ப வந்தது உங்கட வீட்டுக்கு?"

"புயலுக்கு முதல்.
அமெரிக்கப் பாதிரிமாருக்கு அப்பா தண்ணிப் பம்ப் திருத்தினவர்.
பாதிக் கூலி காசு, பாதிக் கூலி இது."

புயல் என்றா. வருசம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இந்த ஊரில் அது போதும்:
புயலுக்கு முதல், தொண்ணூறுக்குப் பிறகு,
சுனாமிக்கு அடுத்த மார்கழி.
என்னுடைய கலியாணத்துக்கும் அப்படித்தான் திகதி.

சொன்னேன். பூச்சு என்று.
அவ சிரித்தா. "அப்பாக்குத் தெரிஞ்சிருக்கும்,
அதுதான் ஒரு நாளும் பூட்டி வைக்கல்ல."

ஒவ்வொன்றாய் நிறுக்க எடுத்தேன்.
வலது கையால் சாப்பிடுகிறவனின் கரண்டி
நுனியில் இடப்பக்கம் தேயும்.
பத்தும் அப்படி, கொஞ்சம் கொஞ்சம்.
ஒன்று மட்டும் வலப்பக்கம்,
பூச்சு போய் மஞ்சள் தெரியுமளவுக்கு.
அதன் பின்னால், ரோஜர்ஸுக்குக் கீழே,
மூன்று கீறல்.
எந்தப் புத்தகத்திலும் இல்லாத முத்திரை.
ஏதோ வியாபாரியின் குறி என்று
கொப்பியில் குறிக்கவும் தொடங்கிவிட்டேன்.

"இதில ஆரோ இடக்கையால சாப்பிட்டிருக்கினம்."

அவ மிளகாய் நெடிக்குச் சேலைத் தலைப்பை
மூக்கில் வைத்திருந்தா. எடுக்கவில்லை.
"சட்டி அடியில பிடிச்ச சோத்தைச் சுரண்டுவான்.
இடக்கை என்டு பள்ளிக்கூடத்தில அடி.
வீட்ட வந்து இன்னும் சுரண்டுவான்.
ஆணியால கீறினதும் அவன்தான்.
நாங்க ஆறு பேர், அவன் மூண்டாவது."

தராசு முள் நின்றது.
பற்றுச்சீட்டில் எழுதினேன்:
கரண்டி, பூச்சு, பதினொன்று.
கிலோ விலைக்கு ஒரு தொகை,
முச்சக்கர வண்டிக்கும் கோழி இறைச்சிக்கும் காணும்.

அவ வாசித்தா.
கண்ணாடி மேசையில் கை ஒருதரம் நகர்ந்தது,
தலையணை உறை லேசாய்க் கிலுங்கியது.

"பத்து என்டு எழுதுங்க."

வெட்டி, பத்து என்று எழுதி,
பக்கத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன்.